பிரிட்ஜ் கரண்டை எங்கே நிறுத்துவது? நாப், சுவிட்ச், பிளக், மெயின்: ஓர் ஒப்பீடு

வெயில் ஏறினாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். ஓசூரில் வேலை பார்த்துக்கொண்டு, லீவு கிடைத்தால் அரூருக்கோ பென்னாகரத்துக்கோ கிளம்புகிறவர்கள், பிரிட்ஜை ஓடவிட்டுப் போகலாமா, அணைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்கிறார்கள். மாம்பழச் சீசனில் பிரிட்ஜை நிரப்பி வைத்திருக்கும் காவேரிப்பட்டணத்துக்காரர்கள், இடி மின்னல் வந்தால் என்ன செய்வது என்கிறார்கள். ஃப்ரீசரில் ஐஸ் கெட்டித்துப்போய்க் கதவே மூடவில்லை என்பவர்களுக்கு, சுவிட்சை அணைத்தால் போதுமா, பிளக்கைக் கழற்றத்தான் வேண்டுமா என்ற சந்தேகம்.

எல்லாருக்கும் ஒரே பதில் கிடையாது. பிரிட்ஜுக்குப் போகும் கரண்டை ஒரு வீட்டில் நான்கு இடங்களில் நிறுத்தலாம்: பிரிட்ஜுக்குள் இருக்கும் நாப், சுவரில் இருக்கும் சுவிட்ச், பிளக், அப்புறம் எம்.சி.பி. (மெயின் போர்டில் இருக்கும், தானாக விழும் சுவிட்ச்) அல்லது மெயின். நான்கும் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. எதற்காக நிறுத்துகிறோம் என்பதை முதலில் முடிவு செய்தால், எங்கே நிறுத்துவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

முதல் விஷயம், கரண்ட் நிஜமாகவே அறுபடுகிறதா என்பது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட் லைனில் பேஸ் (தொட்டால் ஷாக் அடிப்பது), நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போவது) என்று இரண்டு கம்பி. ஓடாமல் நிற்கிற பிரிட்ஜில் கரண்டே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பேஸ் கம்பி உள்ளே வரைக்கும் வந்து காத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது, கம்ப்ரஸர். அது ஓடும்போது குழாய்களில் ஒரு பக்கம் கேஸ் அழுத்தம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருக்கும். நின்ற பிறகு இரண்டு பக்கமும் சமமாக 3 முதல் 5 நிமிடம் ஆகும். அதற்கு முன்னால் மறுபடி போட்டால் மோட்டார் கிளம்ப முடியாமல் திணறும். பின்பக்கம் நின்று கேட்டால் ‘உம்ம்’ என்று ஒரு முனகல், சில நொடியில் ‘டக்’ என்று ஒரு சத்தம், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே முனகல். அந்த ‘டக்’, மோட்டார் சூடாகிப்போய் அதன் ஓவர்லோடு ரிலே தானே துண்டித்துக்கொள்ளும் சத்தம். ஒரு தடவை பரவாயில்லை. அடிக்கடி நடந்தால் முதலில் ரிலே போகும், பிறகு கம்ப்ரஸரே போகும்.

மூன்றாவது, உள்ளே இருக்கும் சாமான்: பால், மாவு, கறி, சில வீடுகளில் இன்சுலின். நான்காவது, அவசரத்தில் கை எட்டுகிற இடமா என்பது. கடைசியாக, பில்லில் தெரியாத செலவு.

## நாப்: நின்ற மாதிரி இருக்கும், நின்றிருக்காது

சிங்கிள் டோர் பிரிட்ஜில் உள்ளே ஒரு நாப் இருக்கும். பல மாடல்களில் அதை 0-க்குத் திருப்பினால் கம்ப்ரஸர் நின்றுவிடும். ஆனால் கதவைத் திறந்து பாருங்கள், பல்பு எரியும். அப்படியென்றால் பிரிட்ஜுக்குள் இன்னும் 230 வோல்ட் இருக்கிறது. டபுள் டோர் பிரிட்ஜில் பட்டனை அழுத்தி நிறுத்தினாலும், உள்ளே இருக்கும் போர்டுக்கு சப்ளை போய்க்கொண்டுதான் இருக்கும்.

ஆகவே நாப்பை 0-க்குத் திருப்பிவிட்டு ஈரத்துணியால் உள்ளே துடைப்பது, பல்பு மாற்றுவது எல்லாம் கூடாது. அதற்கான வழி இது இல்லை.

நாப்புக்கு நடுவில் இருக்கும் சின்ன பட்டன் வேறு சங்கதி. அதை அழுத்தினால் கம்ப்ரஸர் நின்று ஐஸ் கரையும், கரைந்து முடிந்ததும் தானாக மறுபடி ஓடத் தொடங்கும். அரை சென்டிமீட்டர் அளவுக்கு ஐஸ் ஏறியதுமே இதை அழுத்திப் பழகினால், சுவிட்சுக்கோ பிளக்குக்கோ போக வேண்டிய வேலையே பாதி குறைந்துவிடும். செலவும் இல்லை.

## சுவிட்ச்: வசதிதான், ஆனால் வயரிங்கை நம்ப வேண்டும்

கை எட்டும், ஒரு நொடியில் அணையும், பிரிட்ஜை நகர்த்த வேண்டியதில்லை. கரண்ட் போய்ப்போய் வரும் நேரத்தில் அணைத்து வைக்க இதைவிட எளிது எதுவும் இல்லை.

இதன் குறை கண்ணுக்குத் தெரியாதது. சுவர் சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும்தான் துண்டிக்கும். அது பேஸ் கம்பியாக இருக்க வேண்டும். பழைய வீடுகளிலும், பிற்பாடு ஒரு அறையைச் சேர்த்துக் கட்டி அவசரத்தில் வயரிங் இழுத்த வீடுகளிலும், சுவிட்ச் நியூட்ரல் கம்பியில் மாட்டியிருப்பது உண்டு. சுவிட்சை அணைத்தால் பிரிட்ஜ் நிற்கும், பல்பும் அணையும், எல்லாம் சரியாகத்தான் தெரியும். ஆனால் பேஸ் பிரிட்ஜுக்குள்ளேயே நிற்கும். எலக்ட்ரீஷியன் வேறு வேலைக்கு வீட்டுக்கு வரும்போது இதையும் பார்க்கச் சொல்லுங்கள். சுவிட்சை அணைத்துவிட்டு பிளக் பாயிண்டின் ஓட்டைகளில் டெஸ்டரை வைத்துப் பார்ப்பார். எதிலும் எரியக் கூடாது. எரிந்தால் அன்றே மாற்றிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, பிரிட்ஜ் ஓடும்போது எடுக்கும் கரண்ட் கொஞ்சம்தான், கிளம்புகிற நொடியில் பல மடங்கு இழுக்கும். அதனால் தரமில்லாத சுவிட்சின் உள்முனை சீக்கிரம் கருகும். சுவிட்சைத் தொட்டால் சூடு தெரிந்தாலோ, அணைக்கும்போது ‘சர்ர்’ என்று கேட்டாலோ, பிரிட்ஜில் கோளாறு தேடாமல் சுவிட்சை மாற்றுங்கள்.

## பிளக்: கண்ணால் பார்த்து நம்பலாம்

எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான். பிளக் வெளியே கிடந்தால் பேஸும் இல்லை, நியூட்ரலும் இல்லை. வயர்மேன் எதை எங்கே மாட்டியிருந்தாலும் கவலையில்லை. உள்ளே துடைப்பது, பல்பு மாற்றுவது, ஐஸை முழுசாகக் கரைப்பது, பின்பக்கம் தூசி தட்டுவது, மெக்கானிக் கை வைப்பது என எல்லாவற்றுக்கும் பிளக் கழற்றியிருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை.

கழற்றுவதிலும் முறை இருக்கிறது. முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் பிரிட்ஜின் பிளக்கைச் சட்டென்று உருவினால், பின் பிரியும் இடத்தில் பொறி பறக்கும். நாளடைவில் பின்னின் நுனி கருத்துக் குழிவிழும், அப்புறம் அந்த இடமே சூடாகத் தொடங்கும். கை காய்ந்திருக்க வேண்டும், காலில் செருப்பு இருக்க வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் கல் பாவிய தரை அதிகம். ஐஸ் கரைந்த தண்ணீர் அதில் பரவி நின்றால் சட்டென்று கண்ணுக்குத் தெரியாது. வயரைப் பிடித்து இழுக்காமல் பிளக்கின் உடம்பைப் பிடித்து இழுங்கள். மூன்று பின்களில் தடித்து நீண்டிருப்பது எர்த். சொருகும்போது அது முதலில் தொட வேண்டும், கழற்றும்போது கடைசியில் விடுபட வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். பிளக் பாயிண்டில் நுழையவில்லை என்று அந்தப் பின்னை ஒடித்துவிட்டோ, இரண்டு பின் அடாப்டரிலோ பிரிட்ஜை ஓட்டினால், ஷாக்கிலிருந்து காப்பாற்றும் ஒரே கம்பியை நாமே எடுத்துவிட்டோம் என்று அர்த்தம்.

குறைகளும் உண்டு. பல வீடுகளில் பிளக் பாயிண்ட் பிரிட்ஜுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிறது. நிறைந்த பிரிட்ஜை ஒரு ஆள் இழுத்தால் இடுப்பு பிடிக்கும், அவசரத்தில் இழுக்கவே முடியாது. அடிக்கடி சொருகி உருவினால் பாயிண்டின் பிடி தளரும். தளர்ந்த பிடியில் ஓடும் பிளக்கின் பின்னைச் சுற்றிப் பழுப்பு நிறக் கறை படியும். அந்தக் கறை தெரிந்தால் பாயிண்டையும் பிளக்கையும் சேர்த்தே மாற்றுங்கள். தரையில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் பிரிட்ஜைச் சொருகியிருப்பவர்கள், ஐஸ் கரைக்கும் நாளிலாவது அதைத் தரையிலிருந்து தூக்கி வையுங்கள். வீடு கட்டிக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பிரிட்ஜ் பாயிண்டைப் பின்சுவரில் வைக்காமல் பக்கவாட்டில், கை எட்டும் உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள்.

பிளக்கைத் தொடவே கூடாத நேரம் ஒன்றும் உண்டு. பிரிட்ஜ் உடம்பைத் தொட்டால் ஜிவ்வென்று இழுக்கிறது, பிளக்கிலிருந்து புகை வருகிறது, சுற்றிலும் தண்ணீர் நிற்கிறது என்றால் கையைக் கொண்டுபோகாமல் நேராக மெயினுக்குப் போய்விடுங்கள்.

## எம்.சி.பி.யும் மெயினும்: அவசரத்துக்கு

எரிந்த வாடை, புகை, ஷாக், வீட்டுக்குள் வெள்ளம். இந்த நான்கிலும் பிரிட்ஜ் பக்கமே போகாமல் தூரத்திலிருந்து நிறுத்த வேண்டும். அதற்கு மெயின்தான் சரி. இரண்டு கம்பியையும் சேர்த்துத் துண்டிக்கும் டபுள் போல் மெயின் இருந்தால் இன்னும் நல்லது. தனி எம்.சி.பி. பெரும்பாலும் பேஸை மட்டும்தான் துண்டிக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. மாட்டியிருந்தால், கரண்ட் கசிந்த உடனே அதுவே விழுந்துவிடும். பழைய பியூஸ் கட்டையோடு இருக்கும் வீட்டுக்காரர்கள் அடுத்து செலவு செய்ய வேண்டிய பொருள் இதுதான், புது பிரிட்ஜுக்கு முன்னாலேயே.

யாருக்காவது ஷாக் அடித்துக்கொண்டிருந்தால் அவரைத் தொடாமல் முதலில் மெயினை அணையுங்கள். தீப்பிடித்தாலும் மெயின் அணையும் வரை தண்ணீர் ஊற்றக் கூடாது.

கத்தியால் ஐஸைக் கொத்தும் பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இப்போது வரும் பிரிட்ஜ்களில் பெரும்பாலும் ஆர் 600ஏ என்ற கேஸ் இருக்கிறது. அது தீப்பற்றக்கூடியது. கம்ப்ரஸரின் ஸ்டிக்கரில் தீச்சுடர் படம் போட்டிருப்பார்கள். கத்தி முனை குழாயைக் குத்தி ‘ஸ்ஸ்’ என்று சத்தம் வந்தால், பக்கத்தில் எந்த சுவிட்சையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது; பிளக்கையும் உருவக் கூடாது. சுவிட்சில் வரும் ஒரு சின்னப் பொறி போதும். அடுப்பு எரிந்தால் அணைத்துவிட்டு, ஜன்னல் கதவைத் திறந்து எல்லாரையும் வெளியே அனுப்பி, வெளியில் மீட்டர் பக்கம் இருக்கும் மெயினை அணையுங்கள்.

மெயினின் மறைமுகச் செலவுகள் இரண்டு. ஊருக்குப் போகும்போது பாதுகாப்புக்கு என்று மெயினை அணைத்துவிட்டு, ஃப்ரீசரில் இருக்கும் ஒகேனக்கல் மீனையும் ஞாயிற்றுக்கிழமைக் கறியையும் மறந்துவிடுவது முதலாவது. திரும்பி வந்து கதவைத் திறந்தால் அந்த வாடை ரப்பர் கேஸ்கெட்டிலேயே ஏறியிருக்கும், வாரக்கணக்கில் போகாது. இரண்டாவது இன்னும் முக்கியம். இன்வர்ட்டர் இருக்கும் வீட்டில், பிரிட்ஜ் பாயிண்டும் தெரிந்தோ தெரியாமலோ இன்வர்ட்டர் லைனில் சேர்ந்திருந்தால், இ.பி. மெயினை அணைத்த மறுநொடி இன்வர்ட்டர் சப்ளை கொடுக்கத் தொடங்கிவிடும். மெயினை அணைத்தாயிற்றே என்ற தைரியத்தில் கை வைக்காதீர்கள். இன்வர்ட்டரையும் அணையுங்கள்.

## அணைக்காமலே விட்டுப்போவது

இதுவும் ஒரு வழிதான், பல நேரம் இதுவே நல்ல வழி. 190 லிட்டர் அளவுள்ள சிங்கிள் டோர் பிரிட்ஜின் ஸ்டார் லேபிளைப் பாருங்கள். வருடத்துக்குச் சுமார் 150 முதல் 200 யூனிட் என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் நாளைக்கு அரை யூனிட். 10 நாள் அணைத்து வைத்தால் மிச்சமாவது 5 யூனிட். அதிலும் இரண்டு மாதக் கணக்கில் முதலில் வரும் யூனிட்டுகள் நமக்கு இலவசம். மூன்று நாள் பயணத்துக்காக ஒன்றரை யூனிட் மிச்சம் பிடித்து, இரண்டு பாக்கெட் பாலையும் ஒரு பாத்திரம் மாவையும் கொட்டுவது லாபமில்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. இரண்டு மாதக் கணக்கு 500 யூனிட்டின் விளிம்பில் நிற்பவர்களுக்கு 5 யூனிட்டும் பெரிது. 500-ஐத் தாண்டினால் அந்த ஓரிரு யூனிட்டுக்கு மட்டும் இல்லை, முன்னால் ஓடிய யூனிட்டுகளுக்கும் சேர்த்தே வேறு வீதத்தில் கணக்குப் போடுவார்கள்.

ஓடவிட்டுப் போவதென்றால் ஸ்டெபிலைசர் நன்றாக இருக்க வேண்டும், பின்பக்கம் காற்றோட்டம் இருக்க வேண்டும், மேலே துணி, அட்டைப்பெட்டி எதுவும் குவிந்திருக்கக் கூடாது. நாப்பைக் குறைந்த எண்ணில் வைத்தால் போதும். பக்கத்து வீட்டில் ஒரு சாவி இருந்தால் நிம்மதி.

## ஒரே பார்வையில்

| எங்கே நிறுத்துவது | கரண்ட் அறுபடுமா | எப்போது சரி | தெரியாத செலவு |
|---|---|---|---|
| நாப் 0 | இல்லை, கம்ப்ரஸர் மட்டும் நிற்கும் | கையை உள்ளே விடாத சிறு இடைவெளிக்கு | அணைத்துவிட்டோம் என்ற தப்பான நம்பிக்கை |
| சுவிட்ச் | வயரிங் சரியாக இருந்தால் பேஸ் மட்டும் | கரண்ட் போய்ப்போய் வரும்போது | உள்முனை கருகுவது |
| பிளக் | இரண்டும் அறுபடும் | துடைக்க, பழுது பார்க்க, நீண்ட பயணம், இடி வருமுன் | பாயிண்ட் பிடி தளர்வது, பிரிட்ஜை நகர்த்தும் சிரமம் |
| மெயின் | அறுபடும், இன்வர்ட்டர் இல்லாவிட்டால் | புகை, ஷாக், வெள்ளம், கேஸ் கசிவு | வீடு முழுக்க இருட்டு, உள்ளே இருப்பது கெடுவது |
| ஓடவிடுவது | அறுபடாது | ஒரு வாரம் வரையிலான பயணம் | நாளைக்கு அரை யூனிட் |

## கரண்ட் விளையாடும் நாட்களில்

கோடை மழையோடு இடி வரும் மாலைகளில் சுவிட்ச் போதாது. மின்னல் தாக்கி லைனில் ஏறும் அழுத்தத்துக்கு சுவிட்சின் உள்ளே இருக்கும் அந்தச் சின்ன இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, அது தாண்டிவிடும். பிளக்கைக் கழற்றுவதுதான் பாதுகாப்பு. ஆனால் வானம் கறுக்கும்போதே கழற்றிவிட வேண்டும். இடி தலைக்கு மேல் வந்த பிறகு பிளக் பக்கம் போகாதீர்கள்.

சாதாரண மின்தடையில், ஸ்டெபிலைசர் இருந்தால் ஒன்றும் செய்ய வேண்டாம். பல ஸ்டெபிலைசர்கள் கரண்ட் வந்ததும் 3 நிமிடம் போல நிறுத்தி வைத்துத்தான் விடும். இல்லாத வீட்டில் கரண்ட் போனதும் சுவிட்சை அணைத்துவிட்டு, வந்து 5 நிமிடம் நிலையாக நின்ற பிறகு போடுங்கள். தெரு முழுக்க ஃபேனும் மோட்டாரும் ஒன்றாகக் கிளம்பும் அந்த முதல் சில நிமிடங்களில்தான் வோல்டேஜ் அதிகம் ஆடும்.

ஒரு அறிகுறியை மட்டும் வீட்டில் எல்லாருக்கும் சொல்லி வையுங்கள். திடீரென்று ஒரு வீட்டில் பல்பு கண் கூசுகிற மாதிரி பளிச்சென்று எரிந்து, பக்கத்து வீட்டில் மங்கினால், வெளி லைனில் நியூட்ரல் அறுந்திருக்கலாம். அப்போது 230 வர வேண்டிய இடத்தில் 400 வோல்ட் வரை ஏற வாய்ப்புண்டு. யோசிக்காமல் மெயினை அணைத்துவிட்டு மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

பராமரிப்புக்காகப் பகல் முழுக்க மின்நிறுத்தம் என்று அறிவித்திருந்தால், கதவைத் திறக்காமல் வைப்பதுதான் பெரிய வேலை. மூடிய பிரிட்ஜில் சாமான் சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. நம் ஊர் ஏப்ரல், மே வெயிலில் அதைக் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள். பிரிக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அது இருக்கும் வீட்டில், நாமாக பிரிட்ஜை அணைக்கும் முன் அதற்கு வேறு இடம் பார்த்துவிடுங்கள். ஐஸ் பெட்டியில் வைத்தால் ஐஸ்மேல் நேராகப் படாமல் துணியில் சுற்றி வையுங்கள். உறைந்துபோன இன்சுலினைப் பயன்படுத்தக் கூடாது.

## மாதக்கணக்கில் பூட்டுவதும், மறுபடி போடுவதும்

இரண்டு வாரத்துக்கு மேல் போகிறீர்கள், அல்லது வீடு மாற்றுகிறீர்கள் என்றால் முந்தின நாளே காலி செய்து, சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, ஐஸ் முழுக்கக் கரைய விடுங்கள். அடியில் வைத்த துணியைப் பிழிந்து பிழிந்து மாற்றுங்கள். பின்பக்கத் தண்ணீர்த் தட்டைக் காலி செய்யப் பலரும் மறந்துவிடுவார்கள், வாடை அங்கிருந்துதான் கிளம்பும். உள்ளே காயத் துடைத்த பிறகு கதவை மூடக் கூடாது. ஒரு துண்டை மடித்து இடையில் கொடுத்து, கொஞ்சம் திறந்தபடியே விடுங்கள். மூடிவிட்டால் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், துண்டு விழாமலும் கதவை அவர்கள் அகலத் திறக்க முடியாமலும் ஒரு கயிற்றால் கட்டிவிடுங்கள்.

வண்டியில் நிற்கவைத்தே கொண்டுபோக வேண்டும். படுக்கவைத்தால் கம்ப்ரஸர் ஆயில் குழாய்க்குள் போகும். வழியில்லாமல் படுக்கவைத்துக் கொண்டுவந்திருந்தால், புது வீட்டில் நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள். போடும்போது பிளக்கை முதலில் முழுக்கச் சொருகி, சுவிட்சைப் பிறகு போடுங்கள். காலியாகவே இரண்டு மூன்று மணி நேரம் ஓடவிட்டு, உள்ளே கை வைத்தால் சில்லென்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பாலை வையுங்கள். போட்ட முதல் பத்து நிமிடம் பக்கத்திலேயே இருங்கள். அந்த ‘உம்ம்’, ‘டக்’ கேட்டால் சுவிட்சை அணைத்து 5 நிமிடம் விட்டு மறுபடி ஒரு தடவை மட்டும் போட்டுப் பாருங்கள். இரண்டாவது தடவையும் கேட்டால் பிளக்கைக் கழற்றிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் போடுங்கள்.